மாட்யூல் போட்டால் மைலேஜ் ஏறாது

பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) பைக்கில் ஃப்யூல் டியூனிங் மாட்யூல் என்ற சின்ன எலக்ட்ரானிக் பெட்டியை மாட்டினால் மைலேஜ், பவர் இரண்டும் கூடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மைலேஜ் விஷயம் தவறு, அதை நம்பி யாரும் காசு போட வேண்டாம். அந்தப் பெட்டி ஈசியூவுக்கும் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகிறது, அதாவது பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. அப்புறம் மைலேஜ் எங்கிருந்து வரும்?

இன்னொன்று, சீரான வேகத்தில் போகும்போது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சரின் சிக்னல் 0.45 வோல்ட்டை ஒட்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், ஈசியூ அதைப் பார்த்துத்தான் கலவையை 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடை அளவை ஒட்டி வைக்கிறது (எத்தனால் கலந்த பெட்ரோலில் அந்த எண் இன்னும் குறையும்), அதனால் மாட்யூல் கூட்டியதை ஈசியூ குறைத்துவிடும். பல மாட்யூல்கள் சென்சர் சிக்னலிலும் கை வைப்பது இதற்காகத்தான்.

பலன் இல்லாமல் இல்லை. டிராஃபிக்கில் இரண்டாவது கியரில் வரும் அந்த வெட்டு வெட்டான இழுப்பு நன்றாகவே அடங்கும். ஆனால் கம்பெனி கொடுத்த ஸ்டாக் சைலன்சரோடு பவரில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள், முழு த்ராட்டிலில் கம்பெனியே கலவையில் பெட்ரோலைத் தூக்கலாகத்தான் வைத்திருக்கும்.

மாட்டுவதாக இருந்தால் கனெக்டர் 'டிக்' என்று பூட்டியதா, டேங்கைத் திரும்ப உட்கார வைக்கும்போது வயர் அடியில் நசுங்கவில்லையா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.