டிரினிடாட் லீக் 2023இல் பிறந்ததல்ல

கரீபியத் தீவு நாடான டிரினிடாட் டொபாகோ பற்றிய பதிவில், 'டிரினிடாட் டொபாகோவில் 2023இல்தான் முதல்முறையாக தேசிய கால்பந்து லீக் தொடங்கினார்கள், அதுவரை அங்கே கிரிக்கெட் மட்டும்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். 2023இல் வந்தது புதுப் பெயர், புது அமைப்பு. லீக் புதிதல்ல.

தேசிய லீக் 1974இலேயே உண்டு. 1996இல் அரைத்தொழில்முறை லீக் வந்தது, 1999இல் முழுத் தொழில்முறை லீக்காக மாறியது. டபிள்யூ கனெக்‌ஷன், சான் வான் ஜாப்லோட்டே எல்லாம் அங்கே கோலோச்சிய அணிகள். 2020இல் கோவிட் வந்து பருவம் பாதியில் நின்றது. அதே ஆண்டு கால்பந்து சங்கத்தின் நிர்வாகத்தையும் ஃபிஃபா தன் குழுவிடம் ஒப்படைத்தது. அப்புறம் 2023 வரை லீக் ஆட்டமே இல்லை. அந்த இடைவெளியை வைத்துத்தான் 'முதல்முறை' என்ற பேச்சு கிளம்பியிருக்க வேண்டும்.

'கிரிக்கெட் மட்டும்தான்' என்பது இன்னும் தவறு. ராணுவத்தினரின் டிஃபென்ஸ் ஃபோர்ஸ் அணி, 1985இல் ஹோண்டுராஸின் ஒலிம்பியாவை வீழ்த்தி கான்ககாஃப் (வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கால்பந்துக் கூட்டமைப்பு) கிளப் கோப்பையை வென்றது. மெக்சிகோ அணிகளும் போட்டியிடும் தொடர் அது. 1978இலும் அந்தப் பட்டத்தை மூன்று அணிகள் பகிர்ந்துகொண்டன, அதில் இவர்களும் ஒருவர்.

2008ஐயும் பாருங்கள். கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் டிரினிடாட்டின் ஜோ பப்ளிக் அணி, அமெரிக்காவின் உயர்நிலைத் தொழில்முறை லீக்கான எம்எல்எஸ்ஸில் ஆடும் நியூ இங்கிலாந்து ரெவல்யூஷனை சொந்த மண்ணில் 2-1 என்று வென்றது. சரி, அங்கே போனால் அடி வாங்குவார்கள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். பாஸ்டனுக்குப் பக்கத்தில், எதிரணியின் மைதானத்திலேயே 4-0! இப்படி ஆடிய கிளப்புகள் இருந்த நாட்டுக்கு லீக்கே இல்லை என்று எழுதுவது நியாயமில்லை. பதிவைத் திருத்திவிடுங்கள்.