லேமினேஷன் மங்கலைத் தடுக்காது

‘லேமினேட் செய்துவிட்டால் போட்டோவும் ஆவணமும் மங்கவே மங்காது’ என்ற தகவல் இங்கே பகிரப்படுகிறது. ஒரு சின்னத் திருத்தம். லேமினேஷன் தடுப்பது தண்ணீர், கை அழுக்கு, கிழிசல் ஆகியவற்றை. ஓரளவு காற்றையும் தடுக்கும் என்பதால் மங்குவது கொஞ்சம் தாமதமாகலாம். ஆனால் சாதாரண ஷீட் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்தான். மையைச் சிதைக்கும் வெளிச்சம் அதன் வழியே தாராளமாக உள்ளே போகும். காகிதத்தில் ஏற்கெனவே அமிலம் இருந்தால் அதுவும் உள்ளேயே தங்கித் தன் வேலையைத் தொடரும்.

நம்பச் சொல்லவில்லை, நீங்களே பார்க்கலாம். டை மை (சாய மை) பயன்படுத்தும் இங்க்ஜெட் பிரிண்டரில் ஒரே படத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை மட்டும் லேமினேட் செய்யுங்கள். இரண்டிலும் பாதியைக் கறுப்பு அட்டையால் இறுக்கமாக மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வையுங்கள். 6 முதல் 8 வாரம் கழித்து அட்டையை எடுத்தால், லேமினேட் செய்த பிரதியிலும் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு தெரியும்.

லேமினேஷன் சூடே சில காகிதங்களைக் கெடுத்துவிடும் என்பதைக் காட்ட, பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொன்று: தெர்மல் பேப்பரில் (சூடு பட்டால் கறுக்கும் காகிதம்) வந்த, தேவையில்லாத ஒரு பில்லைச் சூட்டு லேமினேஷன் மெஷினில் விட்டுப் பாருங்கள். மெஷின் சூடு 100 டிகிரியைத் தொடும்; அந்தக் காகிதமோ 70 டிகிரியிலேயே கறுக்கத் தொடங்கிவிடும். ரோலரைத் தாண்டி வெளியே வரும்போதே முழுக்கக் கறுத்திருக்கும். சூட்டில் உருகிய பசை காகித இழைக்குள் இறங்கிவிடுவதால், பிறகு சேதமில்லாமல் பிரிக்கவும் முடியாது. அசல் ஆவணத்தை பாலியஸ்டர் பிளாஸ்டிக் உறையில் ஒட்டாமல் செருகி இருட்டில் வையுங்கள். லேமினேட் செய்வது நகலாக இருக்கட்டும்.