பத்துப் பங்குக்குப் பத்து வாக்கா?

“கூட்டுறவுச் சங்கமும் கம்பனி மாதிரித்தான், 10 பங்கு வச்சிருந்தால் 10 வாக்கு” என்று மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பிழை.

கம்பனியில் பொதுவாகப் பங்குக்கு ஏற்ப வாக்கு. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் இயங்கும் நமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இதுவே விதி. ஒரு பங்கோடு இருக்கும் மீன்பிடிக்காரருக்கும் நிறையப் பங்கு வாங்கிய முதலாளிக்கும் பொதுச்சபையில் ஒரே கைதான் உயரும்.

சரி, இலாபம்? அதையும் கம்பனிக் கண்ணால் பார்க்கக் கூடாது. இங்கிலாந்தின் ரொச்டேலில் 1844இல் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடை, மிஞ்சியதை அவரவர் வாங்கிய சாமான் அளவுக்குத் திருப்பிக் கொடுத்தது. பங்குக்குக் கிடைத்தது மட்டான வட்டி மட்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களும், ஏன் சில பணிப்பாளர்களும்கூட இதில் தடுமாறுகிறார்கள். கவுண்டருக்கு முன்னால் நிற்கும் அங்கத்தவர் வாடிக்கையாளர் மட்டுமல்ல, உரிமையாளரும்தான். பணிப்பாளர் சபை பதில் சொல்லவேண்டியதும் அவருக்கே.