அட்டை அசல்தான், ஆள் யார்?

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். எந்த ஆளுக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தது, எத்தனை ஜோடி திரும்பியது என்பதெல்லாம் ஒரு மென்பொருள் வழியாக சர்வருக்குப் போகிறது. "கணக்கு இடிக்குது, பார்த்துச் சொல்லு தம்பி" என்றார். அது வெறும் பதிவுப் பிழை, பத்து நிமிட வேலை. ஆனால் நிரலைத் திறந்தபோது கண்ணில் பட்டது அன்று ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை.

சர்வரோடு பேச ஒரு மெசேஜிங் லைப்ரரி, அதாவது செய்தி அனுப்பிப் பெற யாரோ முன்பே எழுதிவைத்த நிரல். எதிரே இருக்கும் சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழைச் சோதிக்க வேண்டிய இடத்தில், யார் எதைக் காட்டினாலும் தலையாட்டும் நாலு வரி. மேலே 'இப்போதைக்கு' என்று ஒரு குறிப்பு. எழுதி மூன்று வருடம் ஆகிறது.

அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, கடைக் கணினியை என் லேப்டாப் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். நானே தயாரித்த போலிச் சான்றிதழை நீட்டினேன். அவர் 200 கிராம் என்று பதிந்தார், நான் நடுவில் 250 ஆக்கினேன். சர்வரில் 250 ஏறியது. திரையில் பூட்டுச் சின்னம் அப்படியே இருந்தது. "என்க்ரிப்ட் ஆகித்தானே தம்பி போகுது?" என்றார். ஆகித்தான் போகிறது, ஆனால் என்னிடம் வருகிறது. அந்த 50 கிராமுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பட்டறையில் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி வாங்க வருகிறவர் ஆதார் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை அசலா என்பது ஒரு சோதனை. அதில் உள்ள பெயர் நாம் வரச் சொன்னவருடையதா என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் ஹோஸ்ட்நேம் சரிபார்ப்பு, அதாவது சர்வரின் பெயரைச் சரிபார்ப்பது. அப்பாச்சி ஆக்டிவ்எம்கியூ என்ற மெசேஜிங் மென்பொருளின் கிளையண்ட், 2018இல் 5.15.6 பதிப்பு வரும்வரை அதைச் செய்யவே இல்லை. அரட்டைச் செயலிகளுக்கான ஸ்மேக் லைப்ரரியில் 2014இல் வெளிவந்தது வேறு வகை: சான்றிதழில் கையெழுத்திட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்றே பார்க்கவில்லை. தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கியவரே அடுத்தவருக்கு ஒன்று எழுதிக் கொடுப்பது போல. பிட்ஜின் என்ற அரட்டைச் செயலியிலும் அதே ஆண்டு இதே ஓட்டை.

டெவலப்பரை மட்டும் திட்ட எனக்கு மனமில்லை. 2012இல் டெக்சாஸ், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டிய, இணையத்தில் தரவு அனுப்பிப் பெறும் கர்ல் லைப்ரரியின் உதாரணத்தைப் பாருங்கள். பெயரைச் சோதிக்க அன்று அதில் 2 என்று கொடுக்க வேண்டியிருந்தது. 'ட்ரூ' (ஆம்) என்று எழுதினால் அது 1 ஆகிவிட்டது. 1 என்றால் சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருந்தாலே அப்போது போதுமாக இருந்தது. பாதுகாப்பைப் போடுகிறோம் என்று நம்பி எழுதியவர்களே அதை அணைத்திருக்கிறார்கள்! சோதனை தானாக ஓட வேண்டும், அணைப்பதுதான் கஷ்டமாக இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். பைத்தான் நிரல்மொழி 2014 டிசம்பரில், 2.7.9 பதிப்பில், பாதுகாப்பான இணைய இணைப்பான ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு அப்படித்தான் மாற்றியது. பழைய நிரல் உடையும் என்றார்கள். உடையட்டும்.

அந்த நாலு வரியை எடுத்ததும் அண்ணன் கடையிலும் உடைந்தது. சர்வரில் இருந்தது அவர்களே செய்துகொண்ட சான்றிதழ், சோதனையில் அது தேறவில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருவதைப் போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது, அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு பட்டறையில் இதே மென்பொருள் ஓடுகிறதாம். நாளைக் காலை அங்கே போகிறேன்.