ஜெபிச்சிட்டு கதவையும் சாத்திக்கிறோம்

நேத்து ஆராதனையில நடந்தது நம்ம சேகரத்துல, அதாவது நம்ம வட்டாரத்து சபைகள்ல, எல்லாருக்கும் தெரியும், அதனால முழுசா சொல்லல. கோயில் பெருக்குற அக்கா பிரசங்கத்துக்கு முந்தி எந்திரிச்சு ஆண்டவர் தனக்குச் செஞ்சதப் பத்தி ஒரு சாட்சி சொல்ல ஆரம்பிச்சாங்க, ரெண்டு வரி முடியல, "நேரமில்லம்மா, உக்காருங்க"ன்னு மைக்லயே சொல்லியாச்சு. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அவங்க உக்காந்தத பின் பெஞ்சுல இருந்து பாத்தேன். ராத்திரி தூக்கமே வரல.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். "ஆண்டவரே, எங்க நடுவுல கிரியை செய்யும்"னு வாராவாரம் ஜெபிக்கிறோமே, அவரு செய்ய ஆரம்பிச்சா ஏன் நிப்பாட்டுறோம்?

பைபிள்ல அப்போஸ்தலர் 12 எல்லாரும் படிச்சதுதான. இயேசுவோட சீஷர் பேதுரு ஜெயில்ல இருக்காரு, சபை கூடி ஊக்கமா ஜெபிக்குது, அவரு வெளிய வந்து கதவத் தட்டுறாரு. ரோதைன்னு ஒரு வேலக்காரப் பொண்ணு ஓடிவந்து சொன்னா, உனக்குப் புத்தி பேதலிச்சிட்டான்னு கேக்காங்க. கேட்டது யாரு? ஜெபிச்சிக்கிட்டு இருந்தவங்களேதான்.

நானும் அப்படி கதவ அடைச்ச ஆளுதான், அதனாலதான் இவ்ளோ வலிக்குது. அப்பா ஆபரேஷனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்னு வீட்டுல எல்லாரும் முழங்கால்ல நின்னோம். யாராவது ஒரு விசுவாசி வருவாருன்னு நெனச்சா, ராத்திரி பதினோரு மணிக்கு மழையில நனைஞ்சு கட்டின சாரத்தோட (லுங்கியோட) வந்து நின்னது எங்க சித்தப்பா. கெணத்துத் தகராறுல கேஸ் போட்டு ஒம்பது வருஷமா மொகம் பாக்காத மனுஷன், கோயில் பக்கமே வராத ஆளு, பீடி வாசம் வேற. "நீங்க எதுக்கு வந்தீங்க"ன்னு வாசல்லயே மறிச்சிட்டேன். "அண்ணனுக்கும் எனக்கும் ஒரே ரத்தம்டே, விடு"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போனாரு. அப்புறம் கையில பஞ்ச அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு வராண்டா பெஞ்சுல உக்காந்திருந்தாரு பாருங்க, அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. நாங்க கேட்டதத்தான் ஆண்டவர் அனுப்பினாரு, நாங்க கேட்ட ஆளா அனுப்பல, அவ்ளோதான்.

இப்ப சிலர் பவுல் எழுதின 1 கொரிந்தியர் 14 எடுத்துட்டு வருவீங்க, எல்லாம் ஒழுங்கும் கிரமமுமா நடக்கணும்னு. சரி, ஒழுங்கு வேணும், நான் மறுக்கல. ஆனா அதே அதிகாரத்துல பத்து வசனம் மேல போங்க, உக்காந்திருக்கிற இன்னொருத்தருக்கு ஏதாவது வெளிப்படுத்தப்பட்டா முதல்ல பேசினவர் அமைதியா இருக்கணும்னு அதே பவுல்தான் எழுதுறாரு. அத ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கீங்க? இன்னிக்கு ஒருத்தர விட்டா நாளைக்கு பத்து பேர் எந்திரிப்பாங்களாம். எந்திரிக்கட்டுமே, அதுக்குத்தான கூடுறோம்!

நம்ம திருநெல்வேலிப் பக்கம் டோனாவூர்லயே 1905 அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலை ஆராதனையில பேசிக்கிட்டிருந்த மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மாவால மேல பேசவே முடியாம போச்சு, ஜனங்க தரையில விழுந்து அழுது மணிக்கணக்கா ஜெபிச்சாங்க. அன்னிக்கு யாராவது நேரமாச்சுன்னு பெல் அடிச்சிருந்தா? அந்த எழுப்புதல மேடையில பெருமையா சொல்றோம், நம்ம கோயில்ல மூணு நிமிஷம் குடுக்க மனசு வரல.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், கோபப்பட்டாலும் பரவால்ல. கட்டட நிதிக்கு லட்ச ரூபா குடுத்தவர் எந்திரிச்சிருந்தா உக்காருங்கன்னு சொல்லிருப்போமா? மனசத் தொட்டுச் சொல்லுங்க. அவங்க பெருக்கின தரையிலதான நாம எல்லாரும் முழங்கால் போடுறோம்.

சபை விஷயத்த முகநூல்ல போடாதீங்கன்னு ஏற்கெனவே ரெண்டு போன் வந்தாச்சு. கமிட்டியில போன தடவ பேசினப்ப யாரு கேட்டாங்க? எடுக்க மாட்டேன்.

இன்னிக்கு சாயங்காலம் அந்தக்கா வீட்டுக்குப் போறேன். "எம் மவன் நேத்து ராத்திரி வீட்டுக்கு வந்து..." அது வரைக்கும்தான் நமக்குக் கேட்டுது. மிச்சத்த கேக்கணும்.