ஆறாம் நம்பர் ஸ்டேஷனும் ஒரு பதக்கப் பட்டையும்

காலனிய ரயில் பாதை போட்ட ராணுவப் பொறியாளர்களின் பதக்கங்கள் ஏலத்துக்கு வரும்போதெல்லாம் பேச்சு விலையிலேயே நின்றுவிடுகிறது. அந்த உலோகத்துண்டுகள் எதைச் சொல்கின்றன, எதை விட்டுவிட்டன என்று யாரும் கேட்பதில்லை. இதற்குப் பெர்சி ஜிரூவாரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1867இல் மாண்ட்ரியலில் பிறந்த பிரெஞ்சு கனடியர். கிங்ஸ்டன் ராணுவக் கல்லூரியில் படித்துவிட்டு, கனடியன் பசிபிக் ரயில்வேயில் இரண்டு வருடம் வேலை. 1888இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியாளர் படையான ராயல் இன்ஜினியர்ஸ். பிறகு ஊல்விச் ஆயுதக் கிடங்கின் உள் ரயிலுக்குப் போக்குவரத்து மேலாளர். பார்ப்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் வேகன் எங்கே நிற்கிறது, எப்போது காலியாகிறது, யார் அதை மறித்து வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு அங்கேதான் கைக்கு வரும்.

1896இல் எகிப்திய ராணுவத்தின் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி கிச்சனர் இவரை சூடான் படையெடுப்புக்கு அழைத்தார். அந்த வருடமே ராணுவ அதிகாரிகளுக்கான டி.எஸ்.ஓ. விருது கிடைத்துவிட்டது. ஆனால் அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வாடி ஹல்ஃபாவிலிருந்து அபு ஹமது வரை நைல் பெரிய வளைவாகச் சுற்றிப் போகிறது. வழியில் படகு ஏற முடியாத பாறை அருவிகள். அந்த வளைவை வெட்டிக்கொண்டு நூபியப் பாலைவனத்தின் நடுவே நேராக 230 மைல் பாதை போடுவது திட்டம். அகலம் 3 அடி 6 அங்குலம், நம் மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர் கூடுதல். 1897 ஜனவரி 1 அன்று வேலை தொடங்கியது, அக்டோபர் 31 அன்று தண்டவாளம் அபு ஹமதைத் தொட்டது.

பாலைவனத்தில் மணல்தான் எதிரி என்று நினைப்போம். உண்மையான எதிரி தண்ணீர்க் கணக்கு. பாதையின் முனையில் ஒரு கூடார நகரமே இருந்தது. முனை நகர நகர அதுவும் நகரும். தினமும் காலையில் வரும் பொருள் ரயிலில் 2,500 கஜப் பாதைக்கான தண்டவாளம், ஸ்லீப்பர், இணைப்புச் சாமான்கள் எல்லாம் இருக்கும். கஜத்துக்கு 50 பவுண்டு தண்டவாளம் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு வரிசைக்கும் சேர்த்துத் தண்டவாளம் மட்டுமே 110 டன்னைத் தாண்டும். மதியம் வரும் ரயிலில் 2,000 தொழிலாளர்களுக்கும் காவல் படைக்கும் சாப்பாடு, தண்ணீர். இரண்டு ரயிலும் தங்கள் இன்ஜின் போகவர வேண்டிய தண்ணீரையும் தாங்களே சுமக்க வேண்டும். பாதை நீள நீள வண்டியில் தண்ணீரின் பங்கு ஏறும், தண்டவாளத்துக்கான இடம் குறையும். ஒரு கட்டத்துக்கு மேல் ரயில் தன் தண்ணீரைச் சுமக்க மட்டுமே ஓடும். பாதை அங்கேயே செத்துவிடும்.

காப்பாற்றியவை இரண்டு கிணறுகள். 77ஆவது மைலில் ஒன்று, 126ஆவது மைலில் ஒன்று. பெயர் வைக்க ஊரே இல்லாத பாலைவனம் என்பதால் ஸ்டேஷன்களுக்கு 1 முதல் 10 வரை நம்பர்தான். தண்ணீர் கிடைத்தவை 4ஆம் நம்பரும் 6ஆம் நம்பரும்.

இப்போது பதக்கத்துக்கு வருகிறேன். அந்தப் போருக்கு இரண்டு பதக்கம். பிரிட்டிஷாருடைய குயின்ஸ் சூடான் பதக்கத்தின் ரிப்பன் பாதி மஞ்சள், பாதி கறுப்பு, நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு. எகிப்தின் ஆட்சியாளரான கெதீவ் கொடுத்த பதக்கத்தில் ஹிஜ்ரி 1314 என்று அரபியில் இருக்கும். அதன் ரிப்பன் மஞ்சள், நடுவே அகலமான நீலம்: பாலைவனமும் நைலும். இதன் ரிப்பன் மேல் ஏறும் பட்டைகளில் ஃபிர்கெத், ஹஃபீர், அபு ஹமது, அத்பரா, கார்ட்டூம் என்று சண்டைகளின் பெயர்கள். ரயில் பாதைக்கென்று ஒரு பட்டையும் இல்லை. ஆனால் 'சூடான் 1897' பட்டைக்கான விதியைப் படித்துப் பாருங்கள். நைல் கரை ஊரான கெர்மாவுக்கும் 6ஆம் நம்பர் ஸ்டேஷனுக்கும் தெற்கே பணியில் இருந்தவர்களுக்கு அது உரியது. போர்முனை எங்கே தொடங்குகிறது என்பதற்குத் தண்ணீர் கிடைத்த ஒரு ரயில் நிலையத்தை எல்லைக்கல்லாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதைக்கு ராணுவம் தந்த மிக நேர்மையான சான்று இதுதான் என்பேன்.

பாதை போட்ட கைகள் யாருடையவை? எகிப்திய விவசாயிகள், எதிர்ப்படையிலிருந்து பிடிபட்ட தெர்விஷ் கைதிகள், டிங்கா, ஷில்லுக் மக்கள். பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. ஹல்ஃபாவில் பேரீச்ச மர நிழலில் பள்ளி வைத்து ஸ்டேஷன் வேலைக்கு ஆள் தயார் செய்தார்கள். வெள்ளிப் பதக்கம் போரிட்டவர்களுக்கு. குதிரைக்காரர், வேலைக்காரர் போன்றவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். 1899–1902 தென்னாப்பிரிக்கப் போரிலும் இதே கதைதான். அங்கே வெண்கலம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையோடு போன பணியாளர்கள்.

அந்தப் போரில் ஜிரூவார் ரயில்வே இயக்குநர். பிரிட்டிஷாரை எதிர்த்த டச்சு வம்சாவளியினரான போயர்கள் பாலத்தைத் தகர்த்தால், முதலில் ஆற்றுப்படுகையிலேயே தாழ்வான மாற்றுப்பாதை, நிரந்தரப் பாலம் பிறகு. ஆனால் அவர் பிடிவாதமாக இருந்த இன்னொரு விஷயம்தான் முக்கியம்: எந்தத் தளபதியும் தன் இஷ்டத்துக்கு ரயிலை நிறுத்தி, வேகனைக் கிடங்காக வைத்துக்கொள்ளக் கூடாது. பத்து வேகன் ஓரிடத்தில் முடங்கினால் பின்னால் பாதை முழுதும் நெரிசல். ஊல்விச் பாடம் அது. 1900இல், 33 வயதில், கே.சி.எம்.ஜி. என்ற 'சர்' பட்டம்.

அதன் பிறகு வட நைஜீரியாவில் பாரோ–கானோ பாதை, 1909இல் பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்க (இன்றைய கென்யா) ஆளுநர் பதவி. ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர்கள் போட்டு, சுமார் 2,500 பேர் உயிரைவிட்ட உகாண்டா ரயில் பாதை ஓடும் நாடு அது. அங்கே 1911 ஒப்பந்தத்தைக் காட்டி மசாய் மக்களை லைக்கிபியா மேய்ச்சல் நிலத்திலிருந்து கிளப்பியது இவருடைய ஆட்சிதான். 1912இல் பதவி விலகினார். இதை ஒதுக்கிவிட்டு அவருடைய பொறியியல் திறமையை மட்டும் கொண்டாட என்னால் முடியாது.

சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து டி.எஸ்.ஓ.வில் பெயர் பொறிக்க மாட்டார்கள், அதனால் தனி டி.எஸ்.ஓ.வை இன்னாருடையது என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெயரைத் தேடுங்கள், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 100 என்ற பதக்கம் பெற்றவர்கள் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். கெதீவ் பதக்கம் வெளிநாட்டு விருது. காலத்தால் முந்தியதானாலும் வரிசையில் பிரிட்டிஷ் பதக்கங்களுக்குப் பின்னால்தான் வரும். முன்னால் கோத்திருந்தால், யாரோ பிற்காலத்தில் மாற்றிக் கோத்தார்களா என்று கேளுங்கள். பட்டைகளின் ரிவெட்டையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். விலை உயர்த்துவதற்காகப் பிறகு மாட்டப்படும் பட்டைகள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

அருங்காட்சியகங்கள் இந்தப் பதக்கங்களுக்கு எழுதும் குறிப்பில் சண்டைகளின் பெயரோடு 230 மைல், 10 ஸ்டேஷன், 2 கிணறு, 2,000 தொழிலாளர்கள் என்பதையும் எழுத வேண்டும். ஒரு வெண்கலப் பதக்கத்தையும் எடுத்து அதே கண்ணாடிப் பெட்டியில் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.