'வயர் அஹெட்' என்றால் மின்கம்பி எச்சரிக்கை அல்ல

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குறிப்பு சுற்றுகிறது: ஆங்கிலத்தில் 'வயர் அஹெட்' என்றால் 'முன்னால் மின்கம்பி, கவனம்' என்று. தவறு. இங்கே 'வயர்' வினைச்சொல், தந்தி அடிப்பது. 'அஹெட்', முன்கூட்டியே.

'ஷி வயர்ட் அஹெட் ஃபார் எ ரூம்': வருமுன்பே தந்தி அடித்து அறை சொல்லி வைத்தாள். 1844இல் அமெரிக்கத் தந்தி முன்னோடி சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி அனுப்பியது கம்பி வழியேதான். கம்பியைக் குறித்த சொல்லே பிற்பாடு வினையாகிவிட்டது. தோட்டத்து லயக் குடியிருப்புப் பெரியவர்களைக் கேளுங்கள், "தந்தி வந்திருக்கு" என்றதும் வீடே பதறும் என்பார்கள். இப்போது தந்தி வழக்கொழிந்துவிட்டது. 'டெக்ஸ்ட் அஹெட்', 'கால் அஹெட்' என்கிறார்கள். பணம் அனுப்புவதற்கு 'வயர்' என்ற வினை இன்னும் இருக்கிறது.

பரீட்சைத் தாளில் யாரும் மின்கம்பி என்று எழுதிவிட வேண்டாம், பிள்ளைகளே.